கிரேன் நின்றது, வாளி நிற்கவில்லை

தம்பி,

நான் உன்னிடம் நேரில் பேசிப் பழகிய ஆள். பேச்சு என்ன பேச்சு, கத்தல்தான். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். கல்யாணம் என்றதும் அப்பா புத்திமதி எழுத உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதே இந்தக் கடிதத்தை முடித்த பிறகுதான் தெரியும். நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் கன்னத்தில் அறைந்தேன். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கேள்விக்கு நீ பதில் தெரியாமலே தாலி கட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் பூந்தமல்லி மண்டபத்தில் உன் நிச்சயதார்த்தம் நடந்ததே, அங்கே சாப்பாட்டுப் பந்தியில் உன் மாமா ஆரம்பித்ததை நீயும் கேட்டாய். பெண்ணின் அப்பா தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "சம்பந்தி, எங்க மாமா இன்னா மாதிரி ஆளு தெரியுமா? எங்க அக்கா ரயில்லேருந்து வழுக்கிகினு வுய்ந்துச்சு. இவுரு கைய வுடலையே. அந்தக் கைய மட்டும் வுட்டிருந்தாருன்னா எங்க அக்கா இன்னிக்கி போட்டோவுலதான் இருந்திருக்கும்" என்றான். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் வீட்டுக்கு வரப்போகிற அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கோயிலில் நின்று பார்ப்பது மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பார்த்து, "பாருங்க, எவ்ளோ அடக்கம்" என்று யாரோ வேறு சொன்னார்கள். நீ மட்டும் என்னை ஒரு தடவை பார்த்தாய். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, தம்பி. இன்றைக்கும் சரியாக இறங்கவில்லை.

அந்தக் கதையை உன் மாமாவுக்குச் சொன்னது நான்தான். எல்லோருக்கும் சொன்னது நான்தான். இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உனக்கு ஏழு வயதில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நீ எனக்காகச் சாக்குத் தேடிவிடக் கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்குள் விடுவார்கள். அன்றைக்கு உன்னை என் கிரேன் கேபினுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். இரும்பு ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாய், ஆனால் கீழே இறங்குகிறேன் என்று நீ சொல்லவில்லை. கொக்கிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்திருந்தார்கள். உனக்கு வித்தை காட்டுவதற்காக ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அந்தக் கொக்கியில் மாட்டச் சொன்னேன். ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு கிரேனை ஓட்டிச் சட்டென்று நிறுத்தினேன். கிரேன் நின்றது, வாளி நிற்கவில்லை. முன்னால் போய் ஆடி, தண்ணீர் கொட்டி, கீழே நின்றவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். "கிரேன் நின்னுச்சே, வாளி ஏன்ப்பா நிக்கல?" என்று கேட்டாய். "நாம நின்னது அதுக்குத் தெரியாதுடா" என்றேன். பிறகு வாளியைத் திரும்ப நிரப்பி, இன்னொரு தடவை ஓட்டினேன். இந்தத் தடவை நிறுத்தியதும் வாளி முன்னால் போனது, நானும் கூடவே கிரேனை ஒரு அடி முன்னால் நகர்த்தி அதன் தலைக்கு மேலே போய் நின்றேன். ஆட்டம் அடங்கிவிட்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை. நீ கை தட்டினாய். முப்பத்தோரு வருஷம் அந்த கேபினில் நான் செய்த வேலையே அதுதான். சுமையை நிறுத்த வேண்டுமென்றால் அது போகிற பக்கம் நாமும் கொஞ்சம் போக வேண்டும். பிடித்து இழுத்தால் ஆட்டம் அதிகமாகும், சுமை கட்டிய ஸ்லிங் அறுந்தால் கீழே இருப்பவன் செத்தான். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

கம்பெனியில் தெரிந்தது வீட்டில் எங்கே போனது என்று கேள். நம் பழைய மொபெட் ஞாபகமிருக்கிறதா? உங்கம்மா ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவாள், மடியில் நீ. கையில் மளிகைப் பை வேறு. வேப்பம்பட்டு ரயில்வே கேட்டைப் போட்டுவிடுவான் என்று நான் முறுக்கிக்கொண்டு போய், கேட் இறங்கியதும் பிரேக்கை அழுத்துவேன். அவள் வந்து என் முதுகில் முட்டுவாள். "ஒழுங்கா குந்தத் தெரியாதா உனக்கு?" என்று ரோட்டில் நாலு பேர் பார்க்கக் கத்துவேன். வண்டி நின்றது, அவள் நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். வாளி ஆடினால் அது என் தப்பு என்று கம்பெனியில் ஒத்துக்கொள்கிறவன், பெண்டாட்டி முட்டினால் அது அவள் தப்பு என்று திட்டிக்கொண்டே வண்டியோட்டினேன். உங்கம்மா பையைச் சரிசெய்துகொண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருவாள்.

இப்போது அந்த நாள். உங்கம்மா எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் இருந்தாள். வழக்கமாக லேடீஸ் பெட்டியில் எனக்கு முந்தின ரயிலில் வந்துவிடுவாள். அன்றைக்கு அவளுக்கு வேலை நீண்டுவிட்டது, இரண்டு பேரும் ஒன்றாக அம்பத்தூரில் ஏறினோம். என் வழக்கம் உனக்குத் தெரியும். திருநின்றவூர் தாண்டியதும் கதவுக்கு வந்துவிடுவேன். வேப்பம்பட்டு பிளாட்பாரம் ஆரம்பித்து, ரயில் வேகம் குறைந்ததும், நிற்பதற்கு முன்னாலேயே குதித்துவிடுவேன். ரயில் போகிற பக்கம் முகத்தை வைத்து இறங்கி, நாலு எட்டு கூடவே ஓடி, அப்படியே படிக்கட்டுக்குப் போய்விடுவேன். எதற்கு? வெளியே நிற்கிற ஷேர் ஆட்டோவில் முதல் ஆளாக உட்கார. அது போய்விட்டால் அடுத்ததுக்குக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். எஸ்டேட் ஆட்கள் பத்து இருபது பேர் தினமும் இப்படித்தான் இறங்குவோம், அதில் எங்களுக்கு ஒரு பெருமை. எவன் கடைசியில் இறங்குகிறானோ அவனைக் கிண்டல் பண்ணுவோம்.

அன்றைக்கும் அந்தப் பசங்கள் எல்லாம் கதவில் நின்றார்கள். உங்கம்மாவை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "தோ வந்துடுச்சு, ரெடியா இரு" என்றேன். "வண்டி நிக்கட்டுங்க" என்றாள். ஒருத்தன் திரும்பிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கி அண்ணியோட ரயில் நின்னப்பாலதான் எறங்குவியா?" என்றான். அவ்வளவுதான். எனக்கு மானம் போய்விட்டது. உங்கம்மா கையைப் பிடித்தேன். அவள் இறங்குகிறாளா என்று பார்க்கவில்லை. நான் குதித்தேன். எனக்குப் பழக்கமான கால், நாலு எட்டு ஓடி வேகத்தைக் குறைத்துவிட்டது. அவள் ரயிலில் இருக்கிறாள். ரயில் என்ன வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில் அவள் போகிறாள். நான் நிற்கிறேன், அவள் கை என் கையில். நான் நின்றது அவளுக்குத் தெரியாது, தம்பி. முன்னால் போகிறவளைப் பின்னாலிருந்து இழுத்துவிட்டேன். அவள் முகம் என் பக்கம், அதாவது பின்பக்கம் திரும்பிவிட்டது. அப்படியே கால் தரையில் பட்டு, உடம்பு ரயில் போகிற பக்கம் போய், மல்லாந்து விழுந்தாள். இடுப்பு பிளாட்பாரத்தில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ரயில் அதற்கப்புறம் அரை நிமிஷத்தில் நின்றுவிட்டது. எல்லோரும் நிதானமாக இறங்கி எங்களைச் சுற்றி நின்றார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "நல்ல வேளை, கையப் புடிச்சிகினு இருந்தே. இல்லன்னா ரயிலுக்கு அடியில போயிருக்கும்" என்றார். அவருக்கு என்ன தெரியும், அவர் பார்த்தது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததைத்தான். ஆனால் அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "கால் வழுக்கிடுச்சு சார், நான் கையப் புடிச்சிட்டேன்" என்றேன். உன் மாமா பதறிக்கொண்டு வந்தபோதும் அதையே சொன்னேன். அவன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வழுக்கல் பெரிதாகிக்கொண்டே போனது, என் பிடியும் பெரிதாகிக்கொண்டே போனது. உங்கம்மா படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இடுப்பில் பிளேட் வைத்தார்கள். தையல் மிஷினை மிதிக்க முடியாமல் வேலையை விட்டாள். வேகமாக நடக்கிறவள் அவள். கடைத்தெருவில் நீயும் நானும் அவள் பின்னால் ஓட வேண்டும். அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடை பழகிய நாட்களில்தான், ஒரு சாயங்காலம் நீ நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். "அப்பா, பிசிக்ஸ் சார் இன்னிக்கி நிலைமம் நடத்துனாரு" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாய். ரயில் ஒன்று போட்டு, குச்சி மனுஷர்கள் இரண்டு பேர் போட்டு, அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தாய். "அம்மா தானா எறங்கி வுய்ந்திருந்தா முன்னாடி குப்புறத்தான் வுய்ந்திருக்கணும். கை, முட்டிதான் அடிபட்டிருக்கும். மல்லாக்க வுய்ந்து இடுப்பு ஒடையணும்னா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டாய். அந்தக் கணத்தில் உனக்கு விடை வந்துவிட்டது, எனக்கு அது உன் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, மெதுவாகக் கேட்டாய்: "அம்மா கைய நீ எப்பப்பா புடிச்சே? வுய்றதுக்கு முன்னாடியா, அப்பாலயா?"

நான் அறைந்தேன். "பெரிய விஞ்ஞானி இவரு, அப்பனுக்கே பாடம் எடுக்கறாரு" என்று கத்தி, அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். உங்கம்மா வாக்கரைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். நீ அழவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தாய். அதற்குப் பிறகு பாடத்தில் எதையும் நீ என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை. காலேஜில் என்ன படிக்கிறாய் என்பதையே உங்கம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு நீ வண்டிகளின் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறாய். எவ்வளவு வேகத்தில் வந்தால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் என்று கணக்குப் பண்ணுகிறாயாம். யாராவது கேட்டால், "எம் புள்ள பிரேக்குல பெரிய ஆளு" என்று பெருமையடிக்கிறேன். சொல்லி முடித்ததும் வலது கை கூசும். சத்தியமாகச் சொல்கிறேன்.

ரிடையர் ஆன பணத்தில் வீட்டுக்கு வழுவழு டைல்ஸ் போட்டேனே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று வானகரத்தில் கடை கடையாக அலைந்து வாங்கினேன். முதல் நாளே உங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக வைத்து நடந்தாள். நான், "பார்க்க எவ்ளோ ஜோரா கீது, உனக்கு ரசிக்கத் தெரியல" என்றேன். நீ ரப்பர் பாய் வாங்கி வந்து கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும், அங்கிருந்து சமையலறை வரைக்கும் விரித்தாய். என்னடா இது, அழகைக் கெடுக்கிறாய் என்று கேட்டதற்கு, "நடக்கறதுன்னா தரையப் பின்னாடி தள்றதுப்பா. தரை புடி குடுக்கலன்னா அம்மா எதத் தள்ளுவாங்க?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். அந்த ஒரு தடவைதான் பழைய மாதிரி என்னிடம் பேசினாய். இப்போது பகலெல்லாம் வீட்டில் இருக்கிறேன், அந்தப் பாயில் அவள் போவதையும் வருவதையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிச்சயதார்த்தம் முடிந்து மறுநாள் மத்தியானம், அவள் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கி ரயில்ல நீ வழுக்கல" என்றேன். அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள். "நான்தான் கையப் புடிச்சி இஸ்துட்டேன்." அதற்கும், "தெரியும்" என்றாள். பிறகு ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, "கைய வுடுங்க, கைய வுடுங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேனே" என்றாள்.

மேலே அந்த நாளைப் பற்றி எழுதினேனே, திரும்பப் படித்துப் பார். அங்கே இதை எழுதவில்லை. உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அப்படியும் பேனா அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. கிழித்துப் போட்டுவிட்டு ஒழுங்காக எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். ரயில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது, தம்பி. இரண்டு தடவையும் கேட்டது. விட்டிருந்தால் அவள் ரயிலோடு நாலு பெட்டி தூரம் போய், நின்ற பிறகு இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்திருப்பாள். ஆட்டோ போயிருக்கும். கால் மணி நேரம் நின்றிருப்போம்.

"அப்ப ஏன் இவ்ளோ நாளா சும்மா இருந்தே? உன் தம்பி கதை சொல்லும்போதெல்லாம் நீயும் பார்த்துகினுதானே இருந்தே" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் ஏறிவிட்டது, பார், அப்போதும் அவள் மேல்தான் கோபம். அவள் சொன்னாள்: "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவ்வளவுதான். நான் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தலையில் கை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. "எனக்கு ஒடிஞ்சது எலும்பு, பிளேட் வெச்சிட்டாங்க. அடி வாங்கினவன் அவன். அவனுக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு ரப்பர் பாய் மேலே மெல்ல நடந்து உள்ளே போனாள்.

கல்யாண மேடையில் உன் மாமா மைக் பிடிக்காமல் இருக்க மாட்டான். அதனால் நேற்று அவனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். "அவளுக்குத்தான் முதல்லேருந்து தெரியும்" என்றேன். போனை வைத்துவிட்டான். என்னை மாமா என்று கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு அவன் வருவான், அக்காவுக்காகவும் உனக்காகவும் வருவான். என்னிடம் பேசுவானா என்று தெரியாது. உன் மாமனார் வீட்டுக்கும் நான்தான் சொல்ல வேண்டும். நீ இதைப் படித்த பிறகு, நீ எப்போது சொல்லச் சொல்கிறாயோ அப்போது போய்ச் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடமும் நானே சொல்கிறேன்.

நீ அன்றைக்குக் கேட்ட கேள்வி வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா கையை எப்போது பிடித்தேன், விழுவதற்கு முன்னாலா, பிறகா என்று கேட்டாய். முன்னால்தான். நீ போட்ட படம் சரி, அம்புக்குறியெல்லாம் சரி.

அப்பா